கடைசிப் பெட்டியில் நின்ற அதிபர்கள்

ரயில் கடந்துபோகும்போது கடைசிப் பெட்டியில் நிற்கும் கார்டுக்குக் கை காட்டாமல் வளர்ந்த பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. கொடியைச் சுருட்டிக்கொண்டே அவரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டால் அன்றைக்கு முழுக்க வீட்டில் அதே பேச்சுதான். அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள், ரயிலின் அந்தக் கடைசி இடத்தில் நாட்டின் அதிபரே நின்றிருக்கிறார். கை காட்டியிருக்கிறார், பேசியிருக்கிறார். இறந்த பிறகும் ரயிலிலேயே ஊர் ஊராகப் போயிருக்கிறார்.

இன்று அமெரிக்க அதிபரின் பயணம் என்றால் நமக்கு ஏர் ஃபோர்ஸ் ஒன் விமானம்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தது ரயில். அதிபர் ரயில்களைச் சுற்றி ஏகப்பட்ட கதைகள் உலவுகின்றன. சில நடந்தவை, சில கட்டிவிட்டவை. பல வருடங்களாக இவற்றை ஆசையோடு தேடிப் படித்து வருகிறேன். கட்டிவிட்ட கதைகளைவிட நடந்தவைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கின்றன. இதுவரை இதைப்பற்றி எதுவுமே கேள்விப்படாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், அது என்ன ரயில்?

'அதிபர் ரயில்' என்று தனியாக ஒரு ரயில் பெரும்பாலான காலத்தில் கிடையாது. ரயில்வே கம்பெனிகள் தங்களிடம் இருந்த நல்ல தனிப்பெட்டி ஒன்றை அதிபருக்குக் கொடுக்கும். அதனுடன் பாதுகாவலர்கள், உதவியாளர்கள், பத்திரிகையாளர்கள், சமையல்காரர்கள் ஆகியோருக்கான பெட்டிகளைக் கோத்து ஸ்பெஷல் ரயிலாக விடுவார்கள். பல சமயம் சற்று முன்னால் ஒரு பைலட் எஞ்சின் தனியாக ஓடும். பாதை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. ஆரம்பத்தில் இதெல்லாம் கம்பெனிகளின் இலவச உபசாரம். ரயில்வேக்கள் இஷ்டத்துக்கு இலவசப் பயணம் கொடுப்பதை 1906-இல் சட்டம் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு, அதிபரின் பயணச் செலவுக்கென்று 25,000 டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது.

நம் ரயில்வேக்காரர்கள் இப்படிப்பட்ட பெட்டியைச் சலூன் என்பார்கள். நம் குடியரசுத் தலைவருக்கும் சலூன் இருந்தது. 1956-இல் மும்பை மாட்டுங்கா பணிமனையில் கட்டிய இரட்டைப் பெட்டி அது; எண்கள் 9000, 9001. எழுபதுகளின் கடைசியில் புழக்கத்தை விட்டுப்போன அந்தச் சலூனில் 2003-இல் ஏறிப் பீகாரில் பயணம் செய்தவர் அப்துல் கலாம். பிறகு 2021-இல் ராம்நாத் கோவிந்த் டெல்லியிலிருந்து ஸ்பெஷல் ரயிலில் கான்பூர் போனார். வழியில் தன் சொந்த ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷன்களில் இறங்கிப் பழைய ஆட்களைப் பார்த்துப் பேசினார். சரி, அமெரிக்காவுக்குப் போவோம்.

அங்கே அதிபரின் பெட்டி ரயிலின் வால்முனையில்தான் இருக்கும். ரயிலில் இருப்பவர்கள் யாரும் அதன் வழியாக அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. எஞ்சினின் சத்தமும் கரியும் தொலைவு. இவற்றைவிட முக்கியமானது, பெட்டியின் பின்முனையில் கம்பித் தடுப்பு போட்டுக் கூரையுடன் இருக்கும் சின்னத் திறந்தவெளி. நம் வீட்டுத் திண்ணை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் சொல்லப்போகிறேன். ரயில் நின்றதும் மக்கள் தண்டவாளத்தின் மேலேயே வந்து கூடிவிடலாம். அதிபர் திண்ணைக்கு வந்தால் மேடை தயார். பந்தல் வேண்டாம், தோரணம் வேண்டாம். பேச்சு முடிந்ததும் ரயில் நகரும், கூட்டம் அப்படியே பின்னால் தங்கிவிடும்.

ஆரம்பமே விபத்து

பதவியில் இருந்தபோது ரயிலில் ஏறிய முதல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன். 1833 ஜூன் 6 அன்று மேரிலாந்தில் எல்லிகாட்ஸ் மில்ஸ் என்ற இடத்திலிருந்து பால்டிமோர் வரை போனார். ஏறத்தாழ 20 கி.மீ. தூரம். அதே ஆண்டு நவம்பரில் முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் நியூ ஜெர்சியில் போய்க்கொண்டிருந்த ரயில், அச்சு முறிந்து தடம் புரண்டது. அவர் தப்பினார். உடன் பயணம் செய்தவர்களில் உயிரிழப்பு இருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து நடந்தது இன்னும் கொடுமை. ஃபிராங்க்ளின் பியர்ஸ் தேர்தலில் வென்று பதவியேற்கக் காத்திருந்தார். 1853 ஜனவரி 6 அன்று மாசசூசெட்ஸ் மாநிலம் ஆண்டோவர் அருகே அவர் குடும்பத்துடன் வந்த பெட்டி கரையிலிருந்து உருண்டு விழுந்தது. பியர்ஸும் மனைவி ஜேனும் பிழைத்தார்கள். அவர்கள் கண்ணெதிரே 11 வயது மகன் பெஞ்சமின் இறந்தான். அதற்கு முன்பே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். எஞ்சியிருந்தது இவன் ஒருவன்தான். இரண்டு மாதம் கழித்து நடந்த பதவியேற்புக்கு ஜேன் வரவில்லை. பியர்ஸின் ஆட்சியைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நல்லபடியாக எழுதுவதில்லை. ஆனால் அந்த மனிதர் எந்த மனநிலையில் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

லிங்கனைச் சுற்றி வளர்ந்த கதைகள்

ரயில் கதைகள் அதிகம் ஒட்டிக்கொண்டவர் ஆபிரகாம் லிங்கன். 1861 பிப்ரவரி 11 அன்று ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பதவியேற்கப் புறப்பட்டபோது, ரயிலின் பின்திண்ணையில் நின்று ஊர்க்காரர்களிடம் விடைபெற்றார். வழியில் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்ஃபீல்டில் ரயில் நின்றது. அந்த ஊரைச் சேர்ந்த கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி சில மாதங்களுக்கு முன்பு அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். உங்கள் முகம் ஒல்லியாக இருக்கிறது, தாடி வைத்தால் நன்றாக இருக்கும் என்பது அதன் சாரம். கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்து, புதிதாக வளர்ந்த தாடியோடு அவளுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார் லிங்கன். இவ்வளவு அழகாக இருப்பதாலேயே கட்டுக்கதை என்று தோன்றும். நிஜமாக நடந்தது, கடிதமே இருக்கிறது.

அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில், பால்டிமோரில் அவரைக் கொல்ல ஆள்கள் காத்திருப்பதாகத் துப்பறிவாளர் ஆலன் பிங்கர்ட்டனுக்குத் தகவல் கிடைத்தது. பிப்ரவரி 22 இரவு லிங்கனைச் சாதாரண ராத்திரி ரயிலில் ரகசியமாக ஏற்றினார்கள். பிங்கர்ட்டனிடம் வேலை பார்த்த கேட் வார்ன் என்ற பெண், உடம்பு சரியில்லாத தன் சகோதரனுக்கு என்று சொல்லிப் படுக்கை இடம் பிடித்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பால்டிமோரில் ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொன்றுக்கு ரயில் பெட்டிகளைக் குதிரைகள்தான் தெருவழியே இழுத்துப் போகும். ஊரே தூங்கும் நேரத்தில் குதிரை இழுக்க, உள்ளே நெடிய உடலைக் குறுக்கிக்கொண்டு லிங்கன் படுத்திருந்தார். விடியற்காலை வாஷிங்டன் வந்து சேர்ந்தார்.

அப்புறம் கதை வேறு பக்கம் திரும்பியது. ஸ்காட்லாந்துக் குல்லாயும் நீண்ட அங்கியும் மாட்டிக்கொண்டு அவர் மாறுவேடத்தில் ஓடி வந்தார் என்று ஒரு பத்திரிகையாளர் எழுதினார். கேலிச்சித்திரக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் போட்டிருந்ததோ மென்மையான ஒரு சாதாரணத் தொப்பியும் மேல்கோட்டும்தான். ஆனால் அந்தக் குல்லாய் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

அடுத்தது இன்னும் பிரபலமான கதை. உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் ஆற்றிய புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரையை லிங்கன் ரயிலில் போகும்போது ஓர் உறையின் பின்பக்கத்தில் கிறுக்கினார் என்பார்கள். 1863 நவம்பர் 18 அன்று அவர் ரயிலில்தான் கெட்டிஸ்பர்க் போனார். கிட்டத்தட்ட 130 கி.மீ., பாதி நாள் பயணம். அன்றைய பெட்டிகள் ஆடிய ஆட்டத்தில் கையெழுத்துப் போடுவதே கஷ்டம். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதியின் முதல் பக்கம், அதிபர் மாளிகையின் அச்சிட்ட தாளில் தெளிவான கையெழுத்தில் இருக்கிறது. அதாவது, புறப்படுவதற்கு முன்பே பெரும்பகுதியை எழுதிவிட்டார். முடிவை மட்டும் பிறகு திருத்தினார். 1906-இல் வந்த ஒரு சிறுகதை, ரயிலில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் அவர் எழுதியதாகச் சித்திரித்தது. அதன் வழியாக இந்த நம்பிக்கை பள்ளிக்கூடங்கள் வரை போய்ச் சேர்ந்தது. எனக்கு இந்தக் கதை மீது வருத்தம் உண்டு. ஏறத்தாழ 270 சொற்களுக்காக ஒரு மனிதர் உட்கார்ந்து உழைத்திருக்கிறார். அந்த உழைப்பை ஒரு கிறுக்கலாக்கிவிடுகிறது இது.

சுட்டுக் கொல்லப்பட்ட லிங்கனின் உடலைச் சுமந்த கடைசி ரயில் 1865 ஏப்ரல் 21 அன்று வாஷிங்டனிலிருந்து புறப்பட்டு மே 3 அன்று ஸ்பிரிங்ஃபீல்டை அடைந்தது. கிட்டத்தட்ட 2,660 கி.மீ. அவருக்கென்றே ராணுவ ரயில்வே பணிமனையில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற பெயரில் ஓர் அழகான பெட்டியைக் கட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர் அதில் ஒருமுறைகூட ஏறவில்லை. முதல் பயணமே சவப்பெட்டியில். மூன்று ஆண்டுகளுக்கு முன் 11 வயதில் இறந்திருந்த மகன் வில்லியின் உடலையும் கல்லறையிலிருந்து எடுத்து அதே பெட்டியில் வைத்தார்கள். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே ஊர் திரும்பினார்கள். ரயில் மெதுவாகப் போயிற்று. ராத்திரியில் விவசாயிகள் பாதையோரம் தீ மூட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

இதிலிருந்தும் கதைகள் கிளம்பின. ரயில் பெட்டிகள் கட்டும் புல்மேன் கம்பெனியின் 'பயனியர்' என்ற பெரிய பெட்டிதான் லிங்கனின் உடலைச் சுமந்தது, அது போவதற்காக வழிநெடுகப் பிளாட்பாரங்களை வெட்டினார்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உடலைச் சுமந்தது 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' பெட்டிதான், அதில் சந்தேகமில்லை. இன்னொன்று பேய்க்கதை. ஒவ்வோர் ஏப்ரல் கடைசியிலும் நியூயார்க் மாநிலப் பாதையில் நள்ளிரவில் ஒரு கறுப்பு ரயில் சத்தமில்லாமல் கடந்துபோகுமாம். எலும்புக்கூடுகள் வாத்தியம் வாசிக்குமாம். அது போகும்போது கடிகாரங்கள் நின்றுவிடுமாம். பாதையில் வேலை செய்த தொழிலாளிகள் சொன்னதாக ஆல்பனி பத்திரிகை ஒன்றிலேயே இது வந்திருக்கிறது. நம் ஊரில் ராத்திரி ரோந்து போகும் கேங்மேன்களிடம் கேட்டால் இப்படி நாலு கதை கிடைக்கும், ஆகவே எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அந்த உண்மையான பெட்டி 1911-இல் மின்னியாபொலிஸ் அருகே புல்வெளித் தீயில் எரிந்துபோயிற்று.

ஒரே இரவில் போட்ட தண்டவாளம்

அதிபர் ரயில் வரலாற்றிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

1881 ஜூலை 2 அன்று அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் வைத்துச் சுட்டார்கள். வெளியூர் போக ரயிலேற வந்திருந்தார். இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். மருத்துவர்கள் கையைக்கூடச் சரியாகச் சுத்தம் செய்யாமல் காயத்தைத் துழாவியதில் சீழ் பிடித்துக்கொண்டது. வாஷிங்டனின் புழுக்கம் தாங்காமல், கடல்காற்று வேண்டும் என்று அவர் கேட்டார். நியூ ஜெர்சியில் எல்பரான் என்ற கடற்கரை ஊருக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்கள்.

ஸ்டேஷனிலிருந்து அவர் தங்கப்போகும் வீடு ஏறத்தாழ ஒரு கி.மீ. அந்தத் தூரம் வண்டியில் குலுக்கிக்கொண்டு போனால் அவர் தாங்கமாட்டார். ஆகவே ரயில்வே தொழிலாளிகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரே இரவில் வீட்டு வாசல் வரை தண்டவாளம் போட்டார்கள். செப்டம்பர் 6 அன்று ரயில் வந்தது. கடைசி மேட்டில் எஞ்சினால் ஏற முடியவில்லை. அங்கே நின்றிருந்த ஆண்கள் பெட்டியைக் கையாலேயே தள்ளி, குலுங்காமல் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

செப்டம்பர் 19 அன்று அவர் இறந்துவிட்டார். அந்தத் தண்டவாளத்தின் கட்டைகளைக் கொண்டு பிறகு ஒரு சிறிய மரவீடு கட்டினார்கள். அது இன்றும் அங்கே நிற்கிறது.

மெகல்லன் என்ற இரும்புப் பெட்டி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். முதல் உலகப் போருக்குப் பின் உட்ரோ வில்சன் உலக நாடுகள் சங்கத்துக்கு ஆதரவு திரட்ட 1919 செப்டம்பரில் ரயிலில் கிட்டத்தட்ட 13,000 கி.மீ. சுற்றினார். கொலராடோவில் பியூப்லோ என்ற ஊரில் பேசியபின் உடல் சரிந்தது. பயணத்தை நிறுத்தித் திரும்பினார். சில நாளில் பக்கவாதம். அவர் பழைய மனிதராகத் திரும்பவேயில்லை.

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டிடம் நாம் நின்று போகவேண்டும். போலியோவால் கால்கள் செயலிழந்தவர் அவர். ரயில் வேகமாக ஓடினால் பெட்டி ஆடும், காலை ஊன்றிச் சமாளிக்க அவரால் முடியாது. ஆகவே மணிக்கு 55 கி.மீ. போல மெதுவாக ஓட்டச் சொல்வார். ஜன்னல் வழியே வயல்களையும் ஆறுகளையும் பார்த்துக்கொண்டு வருவது அவருக்குப் பிடிக்கும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் பாதுகாப்புக்காக, 1929-இல் கட்டிய 'ஃபெர்டினாண்ட் மெகல்லன்' என்ற புல்மேன் பெட்டியை 1942-இல் மறுபடி கட்டினார்கள். சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் 16 மி.மீ. தடித்த எஃகுத் தகடு. ஜன்னல்களில் 7 செ.மீ.-க்கு மேல் தடித்த, குண்டு துளைக்காத கண்ணாடி. ஆபத்தில் தப்பிக்க இரண்டு வழிகள். எடை ஏறத்தாழ 129 டன். நாம் பழகிய ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டி 40 டன் அளவுதான் இருக்கும் என்பதை வைத்துப் பாருங்கள். உள்ளே நான்கு படுக்கையறை, சாப்பாட்டு மேசை, பின்னால் ஒரு கூடம், அதன் பின்னால் நம் திண்ணை. இத்தனையையும் அமெரிக்க ரயில்வேக்களின் சங்கம் அரசாங்கத்துக்கு விற்ற விலை 10 டாலர்.

அந்தப் பயணங்கள் ரகசியமானவை, பத்திரிகைகளும் எழுதாது. ஆனால் ரூஸ்வெல்ட்டின் செல்ல நாய் ஃபாலாவை ஸ்டேஷன்களில் கீழே இறக்கி நடக்கவிட்டே ஆகவேண்டும். நாயைப் பார்த்ததும் ஊருக்கே புரிந்துவிடும். பாதுகாவலர்கள் அதற்கு 'துப்பு கொடுப்பவன்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

நியூயார்க்கில் உலவும் பெரிய கதையும் இவரைப் பற்றியதுதான். வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலுக்குக் கீழே, 61-ஆம் எண் தடத்தில் ஒரு ரகசியப் பிளாட்பாரம் இருக்கிறது. அங்கே பல காலம் துருப்பிடித்து நின்ற ஒரு பெட்டியைக் காட்டி, இதுதான் ரூஸ்வெல்ட்டின் கவசப் பெட்டி, இதிலிருந்து அவருடைய கார் நேராக லிஃப்டுக்குள் போகும் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லிவந்தார்கள். பிளாட்பாரம் நிஜம், லிஃப்டும் நிஜம். பெட்டி மட்டும் ரயில்வேயின் பராமரிப்பு வேலைக்கான சாதாரணப் பெட்டி. 2019-இல் அதை அங்கிருந்து எடுத்து கனெக்டிகட்டில் ஒரு ரயில் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். அசல் மெகல்லன் மயாமியில் கோல்டு கோஸ்ட் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே ஏறிப் பார்க்கலாம்.

1945 ஏப்ரலில் ஜார்ஜியாவில் ரூஸ்வெல்ட் இறந்ததும் உடலை ரயிலில்தான் கொண்டுவந்தார்கள். வெளியில் நிற்பவர்களுக்குத் தெரியவேண்டும் என்று சவப்பெட்டியை உயரத்தில் வைத்து, இரவிலும் அந்தப் பெட்டியில் விளக்கை அணைக்காமல் விட்டார்கள். மனைவி எலினோர் மெகல்லனில் வந்தார்.

விசில் ஸ்டாப்

அமெரிக்காவில் சின்னஞ்சிறு ஊர்களில் ரயில் வழக்கமாக நிற்காது. இறங்கவோ ஏறவோ ஆள் இருந்தால் மட்டும் சைகை கொடுப்பார்கள், எஞ்சின் டிரைவர் விசில் ஊதி நிறுத்துவார். நம் ஊரில் கொடி காட்டினால் நிற்கும் ஸ்டேஷன் மாதிரி. அதுதான் விசில் ஸ்டாப்.

1948 தேர்தலில் அதிபர் ஹாரி ட்ரூமன் தோற்றுவிடுவார் என்று எல்லோரும் எழுதிவைத்துவிட்டார்கள். அவர் மெகல்லனில் ஏறி நாடு முழுக்கச் சுற்றத் தொடங்கினார். போகிற வழியில் விசில் ஊதும் ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் நாடாளுமன்றத்தைத் திட்டுகிறார் என்று எதிர்க்கட்சி செனட்டர் ராபர்ட் டாஃப்ட் எரிச்சல்பட்டார். உடனே ட்ரூமனின் கட்சிக்காரர்கள் அந்தந்த ஊர் மேயர்களுக்குத் தந்தி அடித்தார்கள்: உங்கள் ஊரை இப்படிச் சொல்லியிருக்கிறாரே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஊர்களுக்குக் கோபம் வந்தது. வசைச்சொல் ட்ரூமனின் கொடியாகிவிட்டது.

அவருடைய முறை எளிமையானது. ரயில் நிற்கும். பத்து நிமிடம் போலப் பேசுவார், அந்த ஊர் விஷயம் ஒன்றைக் கட்டாயம் சேர்ப்பார். பிறகு மனைவி பெஸ்ஸை 'என் முதலாளி' என்று அறிமுகப்படுத்துவார். மகள் மார்கரெட் வந்தால் 'முதலாளிக்கும் முதலாளி'. கூட்டம் சிரிக்கும்போதே ரயில் நகரும். இப்படியே ஏறத்தாழ 50,000 கி.மீ., 350-க்கும் மேற்பட்ட பேச்சுகள். ஓக்லஹோமாவில் பிரசாரத்தின் கையிருப்பே தீர்ந்துபோய், ஆதரவாளர்களிடம் பணம் திரட்டித்தான் ரயிலை மேலே ஓட்டினார்கள்.

எதிர்த்து நின்ற தாமஸ் டூயியும் ரயிலில்தான் சுற்றினார். இல்லினாய்ஸில் பியூகூப் என்ற ஊரில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது ரயில் திடீரென்று சில அடி பின்னால், கூட்டத்தை நோக்கி நகர்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் டூயி மைக்கிலேயே டிரைவரைப் பைத்தியக்காரன் என்று சொல்லிவிட்டார். ரயில்வே தொழிலாளிகள் அதை மறக்கவில்லை. ஓர் ஒற்றை வார்த்தையால் தேர்தல் திரும்பியது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் திண்ணையில் நின்று பேசும்போது மனிதரின் சுபாவம் மறையாமல் வெளியே வந்துவிடும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ட்ரூமன் ஜெயித்தார். 'ட்ரூமனை வீழ்த்தினார் டூயி' என்று முந்திக்கொண்டு அச்சிட்ட சிகாகோ நாளிதழைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும் புகைப்படம் உலகப் பிரசித்தம். அதில் அவர் எங்கே நிற்கிறார் என்று அடுத்த தடவை கவனியுங்கள். செயின்ட் லூயிஸ் ஸ்டேஷனில், மெகல்லனின் பின்திண்ணையில்.

அடுத்து வந்த அதிபர் ஐசனாவர் காலத்தில் விமானம் பழக்கமாகிவிட்டது. 1958-இல் மெகல்லனுக்கு ஓய்வு கொடுத்தார்கள். 1984-இல் ஒருநாள் மட்டும் ரொனால்ட் ரீகன் அதை வெளியே எடுத்து ஒஹாயோவில் ஐந்து ஊர்களில் பேசினார்.

2018 டிசம்பர் 6 அன்று டெக்சாஸில் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷின் உடலை ரயிலில் கொண்டுபோனார்கள். ஐசனாவருக்குப் பிறகு அரை நூற்றாண்டாக எந்த அதிபருக்கும் அப்படி நடந்ததில்லை. அவர் 41-ஆவது அதிபர் என்பதால் எஞ்சினுக்கு 4141 என்று எண், ஏர் ஃபோர்ஸ் ஒன் நிறங்களில் நீலமும் வெள்ளையுமாகப் பூச்சு. சவப்பெட்டி வெளியில் தெரியும்படி பெட்டியின் பக்கச் சுவரைக் கண்ணாடி போல ஒளி ஊடுருவும்படி மாற்றியிருந்தார்கள். ஏறத்தாழ 110 கி.மீ. பாதையோரம் முழுக்க ஜனங்கள். பலர் ரயில் வருவதற்கு முன் தண்டவாளத்தில் காசு வைத்தார்கள், நாம் சின்ன வயதில் வைத்த மாதிரியே. ரயில் போனபிறகு குனிந்து, நசுங்கிய காசைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.